சுற்றிக்கொண்டே இருந்தும் சுருண்டு போகாத கரங்கள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. மக்தப் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மாணவர் ஒருவர் தம் வாப்பாவின் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வீடியோதான் அது. திரையின் ஒரு பாதியில் மேலிருந்து எடுக்கப்பட்ட தவாஃப் காட்சி. மறுபாதியில் சுருள் கரங்களோடு சுழலும் ஒரு கேலக்ஸி. பிரபஞ்சத்தில் உள்ள எல்லாக் கேலக்ஸிகளும் தவாஃப் செய்யும் திசையிலேயே சுற்றுகின்றன என்கிறது பின்னணிக் குரல்.

திசையைப் பற்றி அந்த மாணவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஹஜ்ரத், இது சுத்திக்கிட்டே இருந்தா இந்தக் கையெல்லாம் சுருண்டு சுருண்டு காணாமப் போயிருக்கணுமே, ஏன் போகல?" என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. மதரஸாவில் ஓதி முடித்த பின் கலைப் பிரிவில்தான் பட்டம் பெற்றோம். இயற்பியலைப் பள்ளிக்கூடத்தோடு விட்டாயிற்று. "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டுத் தேட ஆரம்பித்த பிறகுதான், அவர் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வி அல்ல என்று தெரிந்தது. வானியல் அறிஞர்களைப் பல பத்தாண்டுகள் திணறடித்த கேள்வி அது. இன்றும் முழுமையாக முடிந்துபோன விவகாரம் அல்ல.

கேலக்ஸி என்பது கோடானுகோடி விண்மீன்களும் வாயுவும் தூசியும் ஈர்ப்பு விசையால் ஒன்றாகப் பிணைந்திருக்கும் ஒரு கூட்டம். நம் சூரியன் இருக்கும் கேலக்ஸிக்குப் பால்வெளி என்று பெயர். அதற்கு அடுத்துள்ள பெரிய கேலக்ஸி ஆண்ட்ரோமிடா. அதன் ஒளி நம்மை வந்தடைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக் குறிப்பு, ரய் நகரில் பிறந்து இஸ்ஃபஹானில் பணியாற்றிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற வானியலாளருடையது. கி.பி. 964 வாக்கில் எழுதிய 'ஸுவருல் கவாகிப்' நூலில், அரபுகள் பெரிய மீனாக உருவகித்த விண்மீன் குழுவின் வாயருகே மேகம் போன்ற ஒரு சிறு கறை இருப்பதாக அவர் குறித்துவைத்தார். தொலைநோக்கி வருவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் மீதமிருந்த காலம் அது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஊகம் எதுவும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினார்.

சுருள் வடிவத்தை முதலில் கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த ரோஸ் பிரபு. பார்சன்ஸ்டவுன் என்ற ஊரில் தம் கோட்டை வளாகத்திலேயே ஆறு அடி விட்டமுள்ள உலோகக் கண்ணாடியை வார்த்து, அன்றைய உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியை அமைத்தார். 1845-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் 'எம்51' என்ற மங்கலான ஒளித்திட்டை அதன் வழியே பார்த்தபோது அது நீர்ச்சுழிபோல் சுருண்டிருந்தது. புகைப்பட வசதி இல்லாததால் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். அதே ஆண்டுதான் அயர்லாந்தின் கொடிய உருளைக்கிழங்குப் பஞ்சமும் தொடங்கியது. நிவாரண வேலைகளால் வானாய்வு சில ஆண்டுகள் தடைப்பட்டது.

அவர் பார்த்தது நம் கேலக்ஸிக்கு உள்ளேயே இருக்கும் வாயுச் சுழலா, தனியொரு கேலக்ஸியா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1923-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமிடாவுக்குள் சீராகக் கூடிக் குறையும் ஒளியுள்ள ஒரு விண்மீனைக் கண்டார். அத்தகைய விண்மீன்களின் துடிப்புக் காலத்திலிருந்து அவற்றின் உண்மையான ஒளியளவைக் கணிக்கலாம் என்பதை ஹென்றியேட்டா லீவிட் என்ற பெண்மணி ஏற்கெனவே கண்டறிந்திருந்தார். அந்த அளவுகோலை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டபோது, ஆண்ட்ரோமிடா நம் பால்வெளிக்கு வெகு வெளியே இருப்பது உறுதியானது. அஸ்ஸூஃபியின் சிறு கறை, நம்முடையதைப் போன்ற இன்னொரு கேலக்ஸி.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம்.

வீடியோவில் இருந்த தவாஃப் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். மதாஃபில் கஅபாவை ஒட்டி நடப்பவரும் வெளி வட்டத்தில் நடப்பவரும் ஒரே வேகத்தில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவருக்குச் சுற்றளவு குறைவு. சீக்கிரம் சுற்றி வந்துவிடுவார். வெளியே இருப்பவர் ஒரு சுற்றை முடிப்பதற்குள் உள்ளே இருப்பவர் இரண்டு மூன்று சுற்றுகளை முடித்திருப்பார். கேலக்ஸிகளிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. சூரியக் குடும்பத்தில் வெளிக்கோள்கள் மெதுவாகச் செல்கின்றன. கேலக்ஸியின் தட்டிலோ, மையத்தை விட்டு விலகிச் சென்றாலும் விண்மீன்களின் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமிடாவை அளந்து இதைக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோவொரு பொருள் கேலக்ஸியைச் சூழ்ந்திருந்து ஈர்க்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது இதன் பிறகுதான். அது தனிக் கதை.

இப்போது, மதாஃபில் உள்ளிருந்து வெளிவரை ஒரே நேர்வரிசையில் நூறு பேர் பச்சைத் துண்டு அணிந்து நிற்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். நடக்கத் தொடங்கியதும் அந்த வரிசை நேராக இருக்காது. உள்ளே இருப்பவர்கள் முந்திவிடுவார்கள், வெளியே இருப்பவர்கள் பின்தங்குவார்கள். முதல் சுற்றிலேயே பச்சை வரிசை அழகான சுருளாகிவிடும். ஆனால் ஏழாவது சுற்றுக்குள் அது இறுகி இறுகி, எங்கும் பச்சை கலந்த கூட்டமாகிவிடும். சுருளையே காண முடியாது.

சூரியன் பால்வெளியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில், நொடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒருமுறை சுற்றிவர 22 கோடி ஆண்டுகளுக்கும் சற்று அதிகமாகிறது. சூரியனின் வயது 460 கோடி ஆண்டுகள் என்பதால் இதுவரை ஏறக்குறைய இருபது சுற்றுகள் முடிந்திருக்கும். மையத்திலிருந்து இதில் பாதித் தொலைவில் உள்ள விண்மீன் அதற்குள் நாற்பது சுற்றுகளை முடித்திருக்கும். கரம் என்பது விண்மீன்களால் பின்னப்பட்ட கயிறாக இருந்தால், இந்த இரு தொலைவுகளுக்கிடையே மட்டும் இருபது முறை சுருண்டிருக்க வேண்டும். வானில் தெரியும் கேலக்ஸிகளிலோ கரங்கள் ஓரிரு முறை சுற்றி வருவதோடு நிற்கின்றன. அதிலும் கேலக்ஸிகள் சூரியனைவிட மூத்தவை.

மாணவர் சொன்னது சரி. காணாமல்தான் போயிருக்க வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழியை முதலில் தேடியவர்களில் ஒருவர் ஸ்வீடன் நாட்டின் பெர்டில் லிண்ட்பிளாட். அதற்கு முறையான கணித வடிவம் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த சி.சி. லின், அவருடைய இளம் மாணவர் ஃபிராங்க் ஷூ. ஆண்டு 1964. லின் சீனாவில் பிறந்தவர். நீரோட்டம், காற்றோட்டம் பற்றிய கணிதத்தில் பெயர் பெற்றவர். கரத்தை ஒரு பொருளாக அல்லாமல் ஓர் அலையாக அவர் பார்த்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

மீண்டும் மதாஃபுக்கே போவோம். ஹஜருல் அஸ்வதுக்கு நேராக வந்ததும் ஒவ்வொருவரும் கையை உயர்த்தித் தக்பீர் சொல்லச் சற்றே தாமதிப்பார்கள். அதனால் அந்த இடத்தில் எப்போதும் நெரிசல் இருக்கும். ஹஜ், உம்ரா சென்றுவந்தவர்களுக்கு அந்த நெரிசல் மறக்காது. ஆனால் அந்த நெரிசலில் நிற்பவர்கள் யார்? நிமிடத்துக்கு நிமிடம் வேறு ஆட்கள். ஆட்கள் வருகிறார்கள், மெதுவாகிறார்கள், கடந்து போகிறார்கள். நெரிசல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

லின், ஷூ ஆகியோரின் கருத்துப்படி சுருள் கரம் இத்தகைய நெரிசல். விண்மீன்கள் கரத்துக்குச் சொந்தமானவை அல்ல. அவை பின்னாலிருந்து வந்து கரத்துக்குள் நுழைகின்றன, அங்கே சற்று அதிக நேரம் தங்குகின்றன, பின்னர் முன்பக்கமாக வெளியேறுகின்றன. கரம் என்ற வடிவமும் சுற்றத்தான் செய்கிறது. ஆனால் அது தனக்கென ஒரே சீரான வேகத்தில், கேலக்ஸியின் உட்பகுதி விண்மீன்களைவிட மெதுவாகச் சுற்றுகிறது. கயிறே இல்லாதபோது சுருள்வதற்கு என்ன இருக்கிறது? இதற்கு 'அடர்த்தி அலை' என்று பெயரிட்டார்கள்.

அப்படியானால் கரங்கள் ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகின்றன? மொத்த விண்மீன்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் கரத்திலும் கரங்களுக்கு இடையிலும் கண்ணில் தெரியும் அளவுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. கரங்களுக்கு நடுவே கருமையாகத் தெரியும் பகுதி வெற்றிடமும் அல்ல. வேறுபாட்டை உண்டாக்குவது வாயு. நெரிசலுக்குள் நுழையும் வாயுமேகங்கள் ஒன்றையொன்று நெருக்கி இறுகும்போது புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியவை நீல நிறத்தில் கண்ணைப் பறிக்கும்படி எரியும். அவற்றின் ஆயுளோ சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். நம் சூரியனைப் போன்ற விண்மீனுக்கு ஆயுள் சுமார் 1000 கோடி ஆண்டுகள். அந்த நீல விண்மீன்கள் கரத்தை விட்டு விலகிச் செல்வதற்கு முன்பே எரிந்து முடிந்துவிடுகின்றன. வெளிச்சம் முழுவதும் கரத்திலேயே தங்கிவிடுவது இதனால்தான். எம்51-இன் படத்தை உற்றுப் பார்த்தால் கரத்தின் உட்புற விளிம்பில் கரிய தூசிக் கோடும் அதையடுத்து நீல, இளஞ்சிவப்பு மணிகள் கோத்தாற்போன்ற ஒளியும் தெரியும். வாயு இறுகும் இடம் முதலில், விண்மீன் பிறக்கும் இடம் அடுத்ததாக.

இதோடு பதில் முடிந்தது என்று நாமும் முதலில் நினைத்தோம். பல பாடநூல்கள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன.

ஆனால் அதே எம்.ஐ.டி.யின் கணிதத் துறையில் இருந்த, எஸ்டோனியாவில் பிறந்த அலார் டூம்ரே என்பவர் ஒரு கேள்வி எழுப்பினார். மதாஃபின் நெரிசலுக்கு ஹஜருல் அஸ்வத் என்ற நிலையான அடையாளம் இருக்கிறது. கேலக்ஸியில் அப்படி எதுவும் இல்லை. நெரிசலின் சொந்த ஈர்ப்பே நெரிசலைத் தாங்க வேண்டும். குளத்தில் கல் எறிந்தால் எழும் அலை கரை சேர்ந்து அடங்குவதுபோல், இந்த அலையும் பயணம் செய்து சில சுற்றுகளுக்குள் அடங்கிவிடும் என்று 1969-இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். அலை என்று சொன்னால் மட்டும் போதாது, அதை யார் திரும்பத் திரும்ப எழுப்புகிறார்கள் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

சில கேலக்ஸிகளுக்கு விடை பக்கத்திலேயே தெரிகிறது. எம்51-இன் ஒரு கரத்தின் நுனியருகே ஒரு சிறிய கேலக்ஸி இருக்கிறது. அது கடந்து செல்லும்போது இழுத்த இழுப்பே இரு பெரிய கரங்களை எழுப்பியது என்பதை, 1972-இல் அலார் டூம்ரே தம் சகோதரர் யூரியுடன் சேர்ந்து கணினியில் செய்துகாட்டினார். வேறு சில கேலக்ஸிகளின் நடுவே விண்மீன்களாலான நீண்ட பட்டை ஒன்று சுழல்கிறது. மத்து மோரைக் கலக்குவதுபோல் அது தட்டைக் கலக்கிக் கரங்களை எழுப்பக்கூடும். நம் பால்வெளிக்கும் அத்தகைய பட்டை உண்டு.

துணையும் இல்லாமல் பட்டையும் இல்லாமல், துண்டு துண்டான பல சிறு கரங்களோடு இருக்கும் கேலக்ஸிகளும் ஏராளம். அவற்றுக்கு டூம்ரே காட்டிய வழி நமக்கு மிகவும் பிடித்தது. தட்டில் எங்கோ ஒரு சிறிய திரட்சி ஏற்படுகிறது. உள்ளே இருப்பவை முந்துவதாலும் வெளியே இருப்பவை பிந்துவதாலும் அது சாய்ந்து நீள்கிறது. விண்மீன்களும் நேர்வட்டத்தில் செல்வதில்லை, சிறு சிறு சுழிகள் போட்டபடியே முன்னேறுகின்றன. அந்தச் சுழியின் திசையும் திரட்சி சாயும் திசையும் ஒன்றாக அமைவதால், விண்மீன்கள் திரட்சியோடு வழக்கத்தைவிட அதிக நேரம் சேர்ந்து செல்கின்றன. அந்தச் சிறிது நேரத்தில் ஈர்ப்பு அதைப் பன்மடங்கு வளர்த்துவிடுகிறது. பிறகு அது சுருண்டு, தேய்ந்து, மறைகிறது. மறைவதற்குள் இன்னோர் இடத்தில் இன்னொன்று எழுகிறது. 2013-இல் எலனா டி'ஓங்கியாவும் சகாக்களும் 10 கோடி புள்ளிகளைக் கொண்டு கணினியில் ஒரு கேலக்ஸியை ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் விதைபோல் வைத்த திரட்சிகளை நீக்கிய பின்னும் கரங்கள் தொடர்ந்து எழுந்துகொண்டே இருந்தன. பழைய கரங்கள் விட்டுச்சென்ற மேடுபள்ளங்களே அடுத்தவற்றுக்கு விதையாயின.

ஆக, மாணவரின் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. கரம் அலை என்பதால் சுருள்வதில்லை என்பது ஒன்று. சுருண்டு காணாமல் போகத்தான் செய்கிறது, ஆனால் புதியது வந்துகொண்டே இருக்கிறது என்பது மற்றொன்று. எந்தக் கேலக்ஸிக்கு எது பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. கரத்தின் குறுக்கே விண்மீன்களின் வயது படிப்படியாக மாறுகிறதா என்று அளக்கிறார்கள். சில கேலக்ஸிகளில் மாறுகிறது, சிலவற்றில் மாறவில்லை.

தொலைதூரக் கேலக்ஸிகள் இந்த விவாதத்தை இன்னும் சூடாக்கிவிட்டன. தொலைவில் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். அதன் இளமைக் காலத்தில் கேலக்ஸிகள் வாயு நிறைந்து, கொந்தளிப்போடு, கட்டிகட்டியாக இருந்தன. நேர்த்தியான கரங்கள் எழ, தட்டு ஓரளவு அமைதியாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். எனவே ஆரம்ப காலத்தில் சுருள் கேலக்ஸிகள் மிக அரிது என்றே எண்ணினார்கள். 2012-இல் ஹபிள் தொலைநோக்கி கொண்டு சுமார் 300 தொலைதூரக் கேலக்ஸிகளை ஆராய்ந்தபோது, தெளிவான சுருள் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதன் ஒளி 1070 கோடி ஆண்டுகள் பழமையானது. அதற்கும் அருகில் ஒரு துணைக் கேலக்ஸி இருந்ததால், எம்51-இன் கதைதான் அங்கும் என்று கருதினார்கள். 2021-இல் சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளில் அதைவிடப் பழைய, 1240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சுருள் அமைப்பு ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்ணுக்குச் சென்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2025-இல், புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஆய்வாளர்கள் இருவர் அதன் படங்களிலிருந்து ஒரு கேலக்ஸியை அடையாளம் கண்டு, அலக்நந்தா என்று நம் நாட்டு நதியின் பெயரைச் சூட்டினார்கள். பிரபஞ்சம் பிறந்து சுமார் 150 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது இருந்த கேலக்ஸி அது. சுமார் 30,000 ஒளியாண்டு அகலம், சமச்சீரான இரண்டு பெரிய கரங்கள். இடையிலுள்ள ஒரு கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு லென்ஸ்போல் செயல்பட்டுப் பெரிதாக்கிக் காட்டியதும் உதவியது. கொந்தளிப்பான அந்தக் காலத்தில் இவ்வளவு சீக்கிரம் தட்டு எப்படி அமைதியடைந்தது, கரங்களை எழுப்பியது எது என்பதுதான் இப்போது அவர்கள் முன் நிற்கும் கேள்வி.

அந்த வீடியோவின் திசைக் கதையையும் சொல்லிவிட வேண்டும். சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயானில் நாமே அதைச் சரிபார்க்காமல் சொல்லியிருக்கிறோம். கேட்டவர்கள் நெகிழ்ந்து தலையசைத்தார்கள். யாரோ பதிவு செய்து பகிரவும் செய்தார்கள். இப்போது சொல்கிறோம், அது தவறு. கஅபாவுக்கு மேலிருந்து பார்த்தால் தவாஃப் இடஞ்சுழியாகத் தெரியும். தரை கண்ணாடியாக இருந்து கீழிருந்து பார்க்க முடிந்தால் அதே தவாஃப் வலஞ்சுழியாகத் தெரியும். விண்வெளியில் மேல், கீழ் என்று ஒன்றும் கிடையாது. ஒரு கேலக்ஸியின் எந்தப் பக்கத்தை நாம் பார்க்க நேர்கிறதோ அதைப் பொறுத்தே அது எத்திசையில் சுற்றுகிறது என்று சொல்கிறோம். 2007-இல் தொடங்கிய 'கேலக்ஸி ஜூ' என்ற திட்டத்தில் பொதுமக்கள் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துத் திசையைக் குறித்தபோது இடஞ்சுழி சற்று அதிகமாக வந்தது. ஆய்வாளர்கள் அதே படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதும் மக்கள் இடஞ்சுழியையே அதிகம் குறித்தார்கள். சாய்வு மனிதக் கண்ணில்தான் இருந்தது.

படைப்பைப் பார்த்துச் சிந்திக்கும்படி மார்க்கம் நம்மைத் தூண்டுகிறது. தவாஃபின் மகத்துவத்துக்குக் கேலக்ஸிகளின் சாட்சியம் தேவையில்லை. இன்னும் விவாதத்தில் இருக்கும் ஒரு கோட்பாட்டை வஹியோடு முடிச்சுப் போட்டால், நாளை அந்தக் கோட்பாடு மாறும்போது பிள்ளைகள் எதைச் சந்தேகிப்பார்கள் என்பதைப் பயான் செய்யும் நாம்தான் முதலில் யோசிக்க வேண்டும். மதாஃபை நாமும் இந்தக் கட்டுரையில் உவமையாகத்தான் எடுத்தோம், ஆதாரமாக அல்ல.

மாணவருக்கு இதையெல்லாம் சொல்ல நான்கு மாலைகள் ஆயின. எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மேகத்தை நாம பாக்க முடியுமா ஹஜ்ரத்?" என்றார். முடியும். நவம்பர் நடுவில், நிலவில்லாத இரவில், இஷாவுக்குப் பின் ஒன்பது மணியளவில் ஊர் வெளிச்சம் இல்லாத ஓரிடத்தில் நின்று வடக்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து உச்சிவரையுள்ள உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிய இடத்தில், நேராக உற்றுப் பார்த்தால் மறைந்தும் சற்றே ஓரக்கண்ணால் பார்த்தால் தோன்றியும் ஒரு மங்கலான வெண்மை இருக்கும். கரங்கள் கண்ணுக்குத் தெரியாது. அஸ்ஸூஃபிக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

கேலக்ஸிகளிலேயே கரங்கள் நமக்கு மிகக் கடினமாகப் பிடிபடுவது நம் சொந்தப் பால்வெளியில்தான் என்பதையும் அவரிடம் சொன்னோம். ஓரியன் கரம் என்ற ஒன்றுக்குள்ளேயே சூரியனும் நாமும் இருக்கிறோம். கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு மதாஃபின் முழு வடிவத்தையும் எப்படிப் பார்ப்பது? "மாடிக்குப் போனாத் தெரியும்" என்றார் அவர்.

அந்த மாடிக்கு இதுவரை யாரும் போனதில்லை.